அண்ணன் படிப்புக்கு என் காது

எங்கள் தெருவில் பெண் குழந்தைகளுக்கெல்லாம் தொட்டிலில் கிடக்கும்போதே காது குத்திவிடுவார்கள். எனக்கு மட்டும் மூன்றாம் வகுப்பு வரை குத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் ‘மூளிக்காதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அழுதுகொண்டு போய் நின்றால், “பொறு ஆத்தா, ஒனக்குப் பெரிசா செய்வோம்” என்பார் அப்பா. நானும் நம்பினேன்.

அந்த வருஷம் அண்ணனுக்கு சர்க்கார் என்ஜினீயரிங் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. புதிதாகத் திறந்திருந்த தனியார் கல்லூரியில் டொனேஷன் கேட்டார்கள். ஆரப்பாளையத்தில் லாட்ஜ் ஒன்றில் கணக்கு எழுதிய அப்பாவுக்கு அது ஒரு வருஷச் சம்பளத்தையும் தாண்டிய தொகை. வட்டிக்கு வாங்கித்தான் தாத்தா கீழக்குயில்குடிக் காட்டை இழந்திருந்தார். அதனால் வட்டி என்றாலே அப்பாவுக்கு முகம் இருண்டுவிடும். விசேஷம் வைத்தால் மொய் வரும் என்று எனக்குக் காது குத்த நாள் குறித்தார்.

“மொய்யும் கடன்தானேங்க? வந்ததுக்கு மேல திருப்பிச் செய்யணும்ல?” என்றாள் அம்மா.

“அது ஒறவுக்குள்ள. யாரும் கழுத்தப் பிடிச்சுக் கேக்க மாட்டாக.”

எனக்குப் பட்டுப்பாவாடை கிடைத்ததே போதுமாக இருந்தது. மாமா மடியில் உட்கார்த்தி ஆசாரி குத்தியபோது மண்டபமே திரும்பிப் பார்க்க அலறினேன். “தாய்மாமன் அரைப்பவுன் தோடு!” என்று மைக்கில் சொன்னதும் அழுகை நின்றுவிட்டது. பந்தியில், “என்ஜினீயர் மாப்ள, இங்கிட்டும் ஊத்துங்க” என்று அண்ணனைக் கிண்டல் செய்தார்கள். அவன் சாம்பார் வாளியைவிட்டுத் தலை நிமிரவே இல்லை.

வந்த மொய் போதவில்லை. மறுநாள் அம்மா தோட்டைக் கழற்றிவிட்டு, துளை தூர்ந்துபோகாமல் வேப்பங்குச்சி செருகினாள். தோட்டை விற்றுத்தான் மிச்சப் பணத்தைக் கட்டினார்கள்.

அப்புறம் முகூர்த்த நாள் தவறாமல் அப்பா ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏதாவதொரு மண்டபத்துக்குக் கிளம்புவார். என்னை விட்டுவிட்டு விருந்து சாப்பிடப் போகிறார் என்று பொருமுவேன். நான் பிளஸ் டூ முடித்த வருஷமும் அவர் மொய் செய்யப் போய்க்கொண்டுதான் இருந்தார். நான் ஜவுளிக்கடை வேலைக்குப் போனேன். இப்போதும் நினைத்தால் வயிறு எரிகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இதெல்லாம் பின்னால் நடந்தது. காது குத்திய அந்த வருஷம், அண்ணன் பெட்டி கட்டிக்கொண்டு கல்லூரிக்குக் கிளம்பிய காலையில் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். காதுக் குச்சியைத் திருகிக்கொண்டே கேட்டேன்:

“நான் காலேஜுக்குப் போகையில யாருக்குப்பா காது குத்துவீக?”

மாமாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அப்பாவும் சிரித்தார். பெரிய வேடிக்கை பேசிவிட்ட பெருமையில் நானும் சிரித்தேன். அண்ணன் மட்டும் பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அவனுக்குப் பசியில்லை போலிருக்கிறது என்று அவன் அப்பளத்தையும் நானே எடுத்துத் தின்றேன்.