பல்கனியில் ஐந்து கறுப்பு வாளிகள்

யுத்தத்தின் கடைசி வருடங்களில் நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி ஃபிளாட்டில் இருந்தோம். மண் என்று சொல்ல ஒரு பிடி கிடையாது. என் கணவருக்கோ தக்காளி வளர்க்க வேண்டும். பல்கனியில் மூடி போட்ட நாலு வாளிகளில் உரத்தூள் கரைத்த தண்ணீர், மூடியின் ஓட்டையில் செடி, வேருக்குக் காற்று ஊத ஒரு மீன்தொட்டிப் பம்ப். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே காய்த்தது.

அதோடு விட்டாரா மனிசன்? கரண்ட் நின்றால் பம்ப்பும் நிற்கிறது, வேர் அழுகுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் குந்தியிருந்து எல்லாவற்றையும் மாற்றினார். நாலு வாளிகளையும் குழாயால் ஐந்தாவது வாளியோடு இணைத்தார். பாசி பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பெயின்ற் அடித்தார். பழைய மோட்டார் சைக்கிள் பற்றரி ஒன்றைக் கொண்டுவந்து, வயர் இழுத்துப் பம்ப்பில் பூட்டினார். கறுப்பு வாளி, பற்றரி, வயர், வெள்ளைத் தூள். அந்த நாளையில், கொழும்பில், ஒரு தமிழ் வீட்டில்!

"உங்களுக்கென்ன விசரே? ஆராவது பார்த்தா என்னெண்டு நினைப்பினம்?" என்று கத்தினேன்.

"தக்காளி எண்டு நினைப்பினம்" என்றார்.

அடுத்த கிழமை விடியற்காலையில் சுற்றிவளைப்பு; ஒழுங்கையை அடைத்துவிட்டுப் பொலிஸ் வீடு வீடாகச் சோதனைக்கு வந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் சரி. பிறகு அதிகாரி பல்கனிக் கதவைத் திறந்தார். திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். துவக்கோடு வந்தவர்கள் இரண்டடி பின்னால் போனார்கள். என் கணவர் அரைகுறைச் சிங்களத்தில் வேர், காற்று என்று ஏதோ சொல்லத் தொடங்கினார்.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பொலிசுக்கு முன்னால் தமிழில் கதைக்க மாட்டோம். இரகசியம் பேசுகிறோம் என்று நினைத்துவிடுவார்கள். அந்தப் பழக்கம்தான் என்னைக் கெடுத்தது. ஆத்திரத்தில் அவர் பக்கம் திரும்பி, நல்ல சுத்தமான சிங்களத்தில், எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். இந்த வேலை வேண்டாமென்று அன்றைக்கே சொன்னேனா இல்லையா? ஒரு நாளைக்குப் பிடிபடுவீர்கள் என்று சொன்னேனா இல்லையா?

அதிகாரி மெதுவாக என்னைப் பார்த்தார். "அப்படியென்றால் உங்களுக்கும் தெரிந்திருக்கிறது" என்றார்.

அவ்வளவுதான். பற்றரியையும் உரத்தூள் டின்னையும் எடுத்துக்கொண்டு, என் கணவரைக் கட்டியிருந்த சாரத்தோடு, காலில் செருப்புக்கூட இல்லாமல் படியால் இறக்கினார்கள்.

அன்று முழுக்கப் பொலிஸ் நிலைய வாசலில் நின்றேன். நாளைக்கு வா என்றார்கள். மறுநாள் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு வாளியைச் செடியோடும் பம்ப்போடும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். அதிகாரியின் மேசையில் வைத்து மூடியைத் தூக்கினேன். வேர் ஒரு முழ நீளத்துக்குத் தொங்கியது. அவருடைய ஃபைல் எல்லாம் தண்ணீர். எங்கள் பற்றரியைக் கேட்டு வாங்கிப் பூட்டினேன். குமிழி குமிழியாகக் காற்று வந்தது.

அதிகாரி வாளிக்குள் எட்டிப் பார்த்து, "இதில் வெண்டிக்காயும் வருமா?" என்று கேட்டார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "வரும் சேர்" என்றேன். எவ்வளவு தண்ணீருக்கு எத்தனை கரண்டி தூள் என்றும் சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் என் கணவரை விடக் கையெழுத்துப் போட்டார்.

என் கணவரின் ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. வாசல் தாண்டியதும், "இனி என்னை ஏசுறதெண்டா தமிழிலேயே ஏசும்" என்றார்.

என்னைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று என் ஏச்சைக் கேட்க வேண்டியவர்கள் துவக்கோடு வீட்டுக்குள் நின்றார்கள். நான் ஏசியதோ வெறுங்கையோடு நின்ற என் மனிசனை. அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வருகிறது.