லாகோஸுக்கு ஒரு எட்டு

எங்கள் அப்பாவுக்கு ஆப்பிரிக்கா என்பது ஓர் ஊர். அதில் நைரோபி ஒரு தெரு, லாகோஸ் அடுத்த தெரு. நைரோபியில் அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, பிளாஸ்டிக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தார். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கு வந்த வரனோ லாகோஸில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தது. பையனின் பெற்றோர் மேலநீலிதநல்லூரில் இருந்தார்கள்; அவர்களைப் பார்த்தாயிற்று. பையனை நேரில் பார்க்க ஆள் வேண்டும். போட்டோவை நம்பிப் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டார். "மாப்ளே, நீ அங்கனதான இருக்க? நம்ம ராயகிரிக்குப் போறாப்ல, ஞாயித்துக்கிழமை லாகோஸுக்கு ஒரு எட்டு போயி பையனப் பாத்துட்டு வந்துரு."

மாமா, "சரி அத்தான்" என்றார். அக்காளைக் கட்டியவரிடம் முடியாது என்று சொல்ல அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாங்கள் காப்பி குடிக்கும்போதே அவர் கூப்பிட்டுவிட்டார். "போயிட்டு வந்துட்டேன் அத்தான். தங்கமான பையன். கறிக்கொழம்பு வச்சுச் சோறு போட்டாரு."

அப்பா பூரித்துப்போய் நிச்சயதார்த்தத்துக்கு நாள் பார்க்கக் காலண்டரை எடுத்தார். அத்தை காப்பி டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என்னிடம் வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. நல்ல பையன் என்றால் யாராவது அழுவார்களா?

"ஏட்டி, நைரோபிக்கும் லாகோஸுக்கும் எவ்வளவு தூரம்னு போன்ல பாரு."

பார்த்தேன். அத்தை மூக்கை உறிஞ்சினாள். "இத அப்படியே அப்பாகிட்ட போயி சத்தமா வாசி."

பள்ளிக்கூடத்துப் பிரேயரில் செய்தி வாசிப்பதுபோல் நிமிர்ந்து நின்று வாசித்தேன். தூரம் ஏறக்குறைய மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். நேர் விமானத்தில் போனாலும் ஐந்து மணி நேரம்.

அப்பா காலண்டரைக் கீழே வைத்தார். "சென்னையில இருந்து துபாய்க்கே நாலு மணி நேரந்தான?" என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு மாமாவைக் கூப்பிட்டார்.

"ஏலே, நீ போகவே இல்லையால?"

"இல்ல அத்தான்."

"பெறவு அந்தக் கறிக்கொழம்பு?"

"அது இங்கன நான் வச்சது அத்தான்."

"ஏம்ல போகல?"

"மனசு வரல அத்தான்."

"பிளேன்ல போறதுக்கு மனசு எதுக்குல?" அப்பாவுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

அத்தை துடைத்த மேசையையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அம்மா அவளை ஒரு பார்வை பார்த்தாள். போனை வாங்கி, ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் புறவாசலுக்குப் போனாள். திரும்பி வந்து அப்பாவின் காதில் என்னவோ சொன்னாள். அப்பா நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். அதன் பிறகு லாகோஸ் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கவில்லை.

அடுத்த லீவில் மாமா வந்தார். மணவறையில் அத்தைக்குப் பக்கத்தில் மாலையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. அருகில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"பிளேன்னா ஒங்களுக்கு அவ்வளவு பயமா மாமா?"

"ஆமா மக்கா, ரொம்ப" என்றார் மாமா.

அத்தை தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். பயந்த மனிதரைப் பார்த்து, அதுவும் அவர் கல்யாணத்தன்றே, இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்குக் கோபம் வந்தது. அவளும் அவரோடு நைரோபிக்கு விமானத்தில்தான் போகப் போகிறாள். வழி முழுக்க மாமாவின் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று அத்தையிடம் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.