பஞ்சுத் துண்டும் றமீஸாவின் கன்னமும்

யட்டவத்தைப் பக்கத்து அரசாங்க மருந்துச் சாலைக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால், அங்கே வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி செல்வரத்தினம் முகத்தைப் பார்க்கமாட்டார். விரல் இடுக்கைத்தான் பார்ப்பார். அங்கே பொடிக் கொப்புளம் இருந்து, படுத்தால் அரிப்புக் கூடுகிறது என்றால் சிரங்கு. களிம்பைப் பிள்ளைக்கு மட்டும் தரவேமாட்டார். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பேரும் ஒரே நாளில் கழுத்திலிருந்து கால்வரை பூச வேண்டும். உடுப்பை அவிக்க வேண்டும். பாயை வெயிலில் போட வேண்டும்.

“மத்தவங்களுக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா, இவனுக்கு மட்டுந்தான்” என்று ஒரு தாய் வாயைத் திறந்தால் போதும்.

“அப்ப இவன் மட்டும் தனி வீட்டிலயோ இருக்கிறான்?” என்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த மனிதர். மூக்கோரம் தேன் நிறத்தில் பொருக்குக் கட்டியிருந்தால் ஊதா மருந்து. வட்டமாகப் படர்ந்து நடுவில் ஆறியிருந்தால் படர்தாமரை. பிள்ளை வாசற்படி ஏறுமுன்பே சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதற்கு அறுபத்தோராம் ஆண்டு ஒரு வியாழக்கிழமை நல்ல அடி விழுந்தது.

அன்றைக்கு மிளகு வியாபாரி புஹாரி தன் எட்டு வயது மகள் றமீஸாவைக் கூட்டி வந்தார். கன்னத்தில் ஒரு வெளிறிய திட்டு, மேற்கையில் இன்னொன்று. குஷ்டம் என்று யாரோ சொல்லிவிட, குர்ஆன் ஓதுகிற பள்ளியில் மற்றப் பிள்ளைகளைத் தள்ளி உட்கார வைத்திருந்தார்கள்.

குஷ்டமென்றால் அந்த இடம் மரத்திருக்கும்; திட்டில் உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். செல்வரத்தினம் பஞ்சை நூலாகத் திரித்தார்.

“கண்ணை மூடு பிள்ளை. நான் தொட்டால் ‘ஓம்’ எண்டு சொல்லு.”

கன்னத்தில் தொட்டார். றமீஸா பேசவில்லை. மேற்கையில் தொட்டார். அதற்கும் பேசவில்லை. இன்னும் இரண்டு தரம் தொட்டுப் பார்த்தார். நல்ல தோலில் முதலில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் திட்டைத் தொட வேண்டும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வெளியே அறுபது பேர் நின்றார்கள்.

‘உணர்ச்சி இல்லை’ என்று எழுதி, மாத்தளைச் சுகாதார அலுவலகத்துக்கு அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டார். திங்கட்கிழமை ஆட்கள் வருவார்கள் என்றார்.

“புள்ளய எங்ககிட்டருந்து எடுத்துருவாங்களா ஐயா?”

“அது அவையள் பாத்துச் சொல்லுவினம், புஹாரி நானா.”

புஹாரி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, வந்த வழியே போனார்.

சனிக்கிழமை காலை, வரிசை ஓய்ந்த பிறகு, புஹாரியின் மனைவி ஸரீனா மகளோடு வந்து கதவுக்கு அந்தப்புறம் நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்தப் படியை மிதித்ததில்லை. காய்ச்சலுக்கும் புருஷன்தான் மருந்து வாங்கிப் போவார். முக்காட்டை இழுத்துவிட்டு, சுவரைப் பார்த்துப் பேசினாள்.

“வெளி ஆம்புளைங்க முன்னால வாயத் தொறக்கப்படாதுன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். அதனாலதான் புள்ள பேசல்ல. பஞ்சு பட்டப்போ கூசிச்சாம். நேத்துத்தான் எங்கிட்ட சொல்றா. அவட வாப்பா ரெண்டு நாளா சோறு தின்னல்ல.”

செல்வரத்தினத்துக்கு முகம் செத்துவிட்டது. அந்தப் பெண் தன் மகளுக்கு விதித்ததைத் தானே மீறி வந்து நிற்கிறாள். தான் ஒரு நிமிஷம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு வீட்டையே கலங்கடித்திருக்கிறோம் என்று வெட்கப்பட்டார்.

“பிள்ளை, நீ ஒண்டும் சொல்ல வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு, நான் தொட்ட இடத்தில உன்ர விரலை வை.”

பன்னிரண்டு தரம் தொட்டார். பன்னிரண்டு தரமும் சின்ன விரல் அதே இடத்துக்கு வந்தது. திட்டின் மேல் மாப்போலச் செதில் இருந்ததையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தார். காய்ந்த தோலில் பிள்ளைகளுக்கு வருகிற சாதாரணத் தேமல். சவர்க்காரம் போட்டுத் தேய்க்காமல் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். மங்க மாதக்கணக்காகும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். ஸரீனா சுவரைப் பார்த்தபடியே அழுதாள்.

இரண்டாவது கடிதத்தைத் தபாலில் போட்டால் திங்களுக்குள் போய்ச் சேராது. பூட்டுப் போட்டுவிட்டு மத்தியான பஸ்ஸில் அவரே மாத்தளைக்குக் கொண்டுபோனார். ‘சோதித்த முறை பிழை. பிழை என்னுடையது’ என்று அதில் எழுதியிருந்தார். அடுத்த வருஷம் எதிர்பார்த்த பதவியுயர்வு வரவில்லை. அந்தக் கடிதத்தால்தானா என்று அவர் யாரிடமும் கேட்கவுமில்லை. திங்கட்கிழமை புஹாரி வீட்டுக்கு யாரும் வரவில்லை.

அதன்பிறகு எந்தப் பிள்ளையிடமும் அவர் ‘சொல்லு’ என்று கேட்டதில்லை. முதலில் நல்ல தோலில் தொடுவார்; பிறகு திட்டில்; பிள்ளை விரலால் காட்ட வேண்டும். வரிசை தெருவரை நீண்டாலும் அதே கதைதான்.

எழுபத்தைந்தில், ஓய்வுபெறப் போகிற வருஷம், றமீஸா தன் நாலு வயது மகளைக் கொண்டுவந்தாள். கன்னத்தில் அதே மாதிரி வெளிறல். செல்வரத்தினம் பஞ்சைத் திரித்து, வழக்கம்போல “விரலால காட்டு பிள்ளை” என்றார்.

“விரல் வேணாம் ஐயா” என்றாள் றமீஸா. பிறகு மகளிடம் குனிந்தாள். “ஐயா தொட்டா வாயத் தொறந்து சொல்லு மகள். நல்லாக் கேக்கிற மாதிரி சொல்லு.”