சோடியத்துக்கு அறுபதாம் கல்யாணம்

காரைக்குடியில் உபயம் எழுதாத பொருள் கிடையாது. கோவில் டியூப்லைட்டில் கொடுத்தவர் பெயரை எழுதி எழுதியே வெளிச்சத்தை அடைத்துவிடுவார்கள். பள்ளிக்கூடத்துத் தனிம அட்டவணையையும் விட்டுவைக்கவில்லை என்பது, வேலை கேட்டு நான் மாதிரி வகுப்பு எடுக்கப் போன அன்றுதான் தெரிந்தது.

அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும். பிள்ளை பிறந்தபின் வீட்டோடு கிடந்த என்னைப் பார்த்து நாத்தனார், “எம்.எஸ்சி. படிச்சதெல்லாம் மாவாட்டத்தானாக்கும்?” என்று கேட்காத வாரமில்லை. கேட்கும்போதெல்லாம் கரண்டியால் ஒன்று போடலாமா என்று கை பரபரக்கும்.

ஒன்பதாம் வகுப்பு. கடைசி பெஞ்சில் தலைமையாசிரியை, பக்கத்தில் சந்தனப் பொட்டோடு பள்ளித் தாளாளர். அட்டவணையைப் பார்த்து அணுவுக்குள் எத்தனை துகள் என்று எண்ணச் சொல்லித்தர வேண்டும். நான் கார்பனை உருப்போட்டுப் போயிருந்தேன். தாளாளர், “சோடியம் எடுங்க” என்றார். போச்சுடா!

“கட்டத்துல மேல இருக்குறது அணு எண். அத்தனை புரோட்டான், அத்தனை எலக்ட்ரான். கீழ இருக்குறது நிறை எண். அதுல அணு எண்ணைக் கழிச்சா நியூட்ரான். சோடியத்துல எத்தனை?”

ஜன்னலோரம் ஒரு பெண் எழுந்து, “நாப்பத்தொம்பது மிஸ்” என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். சோடியத்தின் கட்டத்தில் மேலே 11 இருந்தது. கீழே இருந்த நிறை எண்ணை மறைத்து ஒரு தங்க நிற ஸ்டிக்கர்: “60-ஆம் கல்யாண உபயம்.” அடுத்த வரியில் தாளாளர் பெயர். அந்தப் பெண் அறுபதில் பதினொன்றைக் கழித்திருக்கிறாள். பாடப்புத்தகத்தைத் திறந்து வைத்திருந்த வாண்டுகள் கெக்கெக்கே என்று சிரித்தன. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“சிரிக்காதீக! அவ கழிச்சது ரொம்பச் சரி. அந்த அறுபது சோடியத்தோடது இல்ல, நம்ம ஐயாவோடது. சோடியத்துக்கு இருபத்து மூணு. இப்பச் சொல்லு தாயி.”

“பன்னெண்டு மிஸ்.”

தாளாளர் எழுந்தேவிட்டார். “அப்ப என் பேரைக் கிழிக்கச் சொல்றீகளா?”

“வேணாங்கய்யா. கொஞ்சம் கீழ ஒட்டியிருக்கலாம். அங்குட்டு எடம் சும்மாத்தான கெடக்கு.”

தலைமையாசிரியை குனிந்துகொண்டார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாயாடி என்று டவுன் பஸ்ஸில் வீடு வரைக்கும் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். நாத்தனார் முகம் வேறு கண்முன்னே வந்து வந்து போனது.

சாயங்காலம் தலைமையாசிரியை போனில் கூப்பிட்டார்.

“தாளாளர் வேணவே வேணாம்னாரு. நான் விடல. அந்தப் பிள்ளை இந்த வருசம் எந்த வகுப்புலயும் வாயத் தெறந்ததில்ல. நீங்க போன பெறகு என் ரூமுக்கே வந்து, ‘அந்த மிஸ் நாளைக்கும் வருவாகளா’ன்னு கேட்டுச்சு. வந்துருங்க. கேக்குதா?”

கேட்டது. “வந்துர்றேன் மேடம்” என்று சொல்லிவிட்டு, முதல் வேலையாக நாத்தனாருக்குப் போன் போட்டேன்.