கோட்டுக்கு வெளியே நின்ற மஞ்சள்

மூன்றாம் ஆண்டு வேதியியல் வகுப்பில் அவளை எல்லோரும் கலர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயிண்ட் தொழிற்சாலையில் நிறம் கலக்கும் பிரிவில் பதினெட்டு வருஷமாக வேலை பார்ப்பவள். கல்யாணத்தோடு நின்றுபோன படிப்பை நாற்பத்தொரு வயதில் முடிக்க வந்திருந்தாள். காலையில் கல்லூரி, மதியத்துக்கு மேல் தொழிற்சாலை.

ஓரிடத்தில் உட்கார அவளால் முடியாது. குவாண்டம் வேதியியல் நோட்டைப் பிடித்தபடி சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பாள்.

"எலக்ட்ரான்கூட இவ்வளவு சுத்தாதும்மா" என்பாள் ஆறாவது படிக்கும் மகள்.

"அது சுத்தவே இல்லையாம்டி. எங்க இருக்குன்னே அடிச்சுச் சொல்ல முடியாதாம். அதைத்தான் மூணு வாரமா நடத்துறாங்க."

கருவிப் பகுப்பாய்வுப் பாடம்தான் அவளுக்குப் பிடிபட்டது. அதில் ஆளுக்கொரு பொருளை வெளியிலிருந்து கொண்டுவந்து, அதில் ஒரு தனிமத்தின் அளவைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒருத்தி கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள், இன்னொருத்தி உதட்டுச் சாயம். கலர் அக்கா மகளின் அறை ஜன்னலிலிருந்து உரிந்த மஞ்சள் பெயிண்ட்டைக் கொண்டுவந்தாள். அவளே கலந்த மஞ்சள். மீந்த டப்பாக்களைத் தொழிற்சாலை ஊழியர்களுக்குக் கொடுக்கும். மூன்று வருஷத்துக்கு முன் அதைத்தான் அந்த அறைக்கு அடித்திருந்தார்கள்.

"என்ன தேடப் போறீங்க?" என்று கேட்டார் பாடம் நடத்தும் மேடம். அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஈயம் மேடம். இருக்காது. சும்மா பார்த்துடலாம்."

பெயிண்ட் செதில்களை எடைபோட்டு, நைட்ரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, வடிகட்டி, கருவியின் சுடருக்குள் அனுப்பினாள். அளவு தெரிந்த ஈயக் கரைசல்கள் திரையில் நேர்கோடாக விழுந்திருந்தன. அவளுடையது அந்தக் கோட்டைத் தாண்டி எங்கோ மேலே போய் நின்றது. பத்து மடங்கு நீர்க்கவைத்தாள். அப்போதும் வெளியே. நூறு மடங்கு நீர்க்கவைத்த பிறகுதான் கோட்டுக்குள் வந்தது. நூற்றுக்கு நாலு பங்கு ஈயம். சட்டம் விடுவது பத்தாயிரத்துக்கு ஒரு பங்குகூட இல்லை.

"எங்கயோ தப்பு பண்ணிட்டேன்" என்று கைகளை உதறினாள். பெயிண்ட் போடாமல் வெறும் அமிலத்தை மட்டும் ஓட்டினாள். சுத்தமாக வந்தது. வேறு மூலையிலிருந்து சுரண்டி வந்து மறுநாள் செய்தாள். அதற்கு மறுநாளும். 4.1, 3.9, 4.2.

கூடச் செய்துகொண்டிருந்த கண்ணாடி போட்ட பெண் நோட்டை எட்டிப் பார்த்தாள். "மூணும் ஒட்டி வந்துருச்சுக்கா. இனிமே கருவி மேல பழி போட முடியாது."

அன்றைக்கு வேலையில் அவளுக்குக் கை ஓடவில்லை. பெயிண்ட்டில் கலக்கும் மஞ்சள் நிறத் தூள் மூட்டையைப் பிரித்தபோது முழங்கைவரை படிந்த தூசியைப் பார்த்தாள். மூக்கை மறைக்க ஒரு கைக்குட்டை, அவ்வளவுதான் பாதுகாப்பு. மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்கும்போது பெயிண்ட்டை நகத்தால் உரிப்பதும், பிறகு அதே நகத்தைக் கடிப்பதும் கண்ணுக்குள்ளேயே நின்றன.

கணவர் அதே தொழிற்சாலையில் லாரி ஓட்டுபவர். விஷயத்தைக் கேட்டதும் எரிந்து விழுந்தார்.

"பதினெட்டு வருஷம் சும்மாதானே இருந்தே? இப்ப என்ன புதுசா?"

"அப்ப எனக்கு அளக்கத் தெரியாதுங்க."

மறுநாளே மகளோடு போய் ரத்தம் கொடுத்தாள். முடிவு வர மூன்று நாள். அந்த மூன்று நாளும் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, குவாண்டம் தேர்வு கைவிட்டுப் போனது. மகளின் ரத்தத்தில் ஈயம் இருக்கக் கூடாத அளவுக்கு இருந்தது. அவளுக்கு அதைப் போல இரண்டு மடங்கு. இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஈயம் வரும் வழியை அடைத்துவிடுங்கள் என்றார் டாக்டர். மகளைப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தூசி பறக்காதபடி ஜன்னலையும் சுவரையும் நனைத்து நனைத்துச் சுரண்டினாள்.

பெயிண்ட் சோதனை முடிவு எழுதிய தாளை எடுத்துக்கொண்டு தொழிற்சாலை மேற்பார்வையாளரிடம் போனாள்.

"ஒரு காலேஜ் பிராக்டிகலை வெச்சு எங்களைக் குத்தம் சொல்றீங்களா?"

"மூணு தடவை செஞ்சிருக்கேன் சார். வெறும் ஆசிட்டையும் தனியா பார்த்தாச்சு. நீங்க வேற எந்த லேப்ல வேணா குடுங்க, இதுக்குப் பக்கத்துலதான் வரும்."

அடுத்த வாரம் அவளை டப்பா அடைக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். அவள் வாய் மூடவில்லை. சாப்பாட்டு அறையில் மேசை மேசையாகப் போய்ச் சொன்னாள். கலக்கும் பிரிவில் ஒன்பது பேர் ரத்தம் கொடுத்தார்கள். ஆறு பேருக்கு அளவு மீறியிருந்தது. ஒரு சாயங்காலம் கணவர் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து நீட்டினார்.

"நானும் குடுத்தேன். எனக்கும் கொஞ்சம் இருக்கு. இதையும் சேர்த்துக்கோ."

எல்லாத் தாள்களும் தொழிலாளர் ஆய்வு அலுவலகத்துக்குப் போயின. அங்கிருந்து வந்தவர்கள் தாங்களே மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். நாலு மாதத்தில் அந்த மஞ்சள் தூள் வருவது நின்றது. பதிலுக்கு வந்த தூளில் அந்தப் பளிச்சு இல்லை என்று கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள்.

கருவிப் பகுப்பாய்வில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் அவளுக்கு. குவாண்டத்தில் கோட்டைவிட்டு, இரண்டாம் முறை தட்டுத்தடுமாறித் தேறினாள். எட்டு மாதத்தில் மகளின் அளவு பாதியாக இறங்கியது. எலும்புக்குள் போய் உட்கார்ந்துவிட்ட ஈயம் என்பதால் அவளுடையது மெல்லத்தான் இறங்குகிறது.

ஆறு மாதத்துக்கொரு முறை அந்த ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு ரத்தம் கொடுக்கப் போகிறாள். போன தடவை அவர்களில் மூட்டை தூக்கும் பெரியவருக்கு மட்டும் எண் ஏறியிருந்தது.

"அண்ணே, உங்க வீட்டுச் சுவர் என்ன கலர்?" என்று கேட்டாள். "கம்பெனியில குடுத்த மஞ்சள்தாம்மா" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை வாளியும் சுரண்டியுமாக அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.