காரப்பொடிக்கு முள் உண்டு: எண்ணூரில் ஒரு காலை

கோயம்புத்தூரில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கிறேன். அரிசி, கீரை, மீன் என்று எது வந்தாலும் அதில் எவ்வளவு புரதம், எவ்வளவு கால்சியம் என்று அளந்து அட்டவணையில் ஏற்றுவது என் வேலை. இப்படிப் பல நாடுகளில் அளப்பவர்கள் சேர்ந்த ஒரு வலையமைப்பு இருக்கிறது. ஒருவர் எழுதும் எண்ணை இன்னொருவர் நம்பிப் பயன்படுத்த வேண்டுமென்றால் எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும் அல்லவா? அதற்கான விதிகளை வகுப்பது அவர்கள்தான். கடந்த ஜனவரியில் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நாங்கள் அனுப்பிய காரப்பொடி என்ற பொடி மீனின் பதிவில் எந்தக் கடல், எந்த இனம், எந்தப் பகுதியைச் சாப்பிடுகிறார்கள் என்ற விவரமே இல்லை, சரிசெய்யாவிட்டால் நீக்கிவிடுவோம் என்றார்கள். அந்தப் பதிவை எழுதியவள் நான். அதனால் நானே கிளம்பினேன்.

இரவு ரயில் விடிகாலை ஐந்து மணிக்கு சென்ட்ரலில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மெட்ரோவில் விம்கோ நகர், அரை மணி நேரம், முப்பது ரூபாய். வெளியே வந்ததும் கிடைத்த ஆட்டோ அந்தோணியுடையது. ராயபுரத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். ஆறு கிலோமீட்டர் தள்ளி எண்ணூரில் படகுகள் கரையேறும் இடத்துக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்டார். என் கையில் இருந்த ஐஸ் பெட்டியையும் தராசையும் பார்த்து, மீன் வியாபாரமா என்று விசாரித்தார். விளக்கினேன். பாதி புரிந்தது என்றார், ஆனால் மதியம் வரை கூடவே இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

கரையில் பிளாஸ்டிக் கூடையில் காரப்பொடி வைத்திருந்தவர் தனலட்சுமி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவர். ஒரு கிலோ வாங்கித் தட்டில் பரப்பினேன். எனக்கு எல்லாம் ஒரே மீன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, கேட்காமலே விரலால் மூன்றாகப் பிரித்துப் போட்டார். வாய் நீளும் விதம் ஒன்று, உடல் அகலம் வேறு, முதுகில் கோடு வேறு. மூன்று இனங்களை ஒன்றாக அரைத்து ஒரே பெயரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறோம். அதிகம் வந்திருந்த இனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அதே இனத்தை வேறு இரண்டு பெண்களிடமும் வாங்கித் தனித்தனியாகக் கட்டி வைத்தேன்.

பிறகு வழக்கம்போல ஒரு மீனின் தலையைக் கிள்ளி, நடுமுள்ளை உருவத் தொடங்கினேன். சதை மட்டும்தான் எங்கள் கணக்கில் உண்ணும் பகுதி.

"இன்னாக்கா பண்ற?" என்றார் தனலட்சுமி. "அதெல்லாம் எடுத்துட்டா அதுல இன்னா கீது?"

"நீங்க முள்ளோடவே சாப்பிடுவீங்களாங்க?" என்று கேட்டேன்.

அவர் கூடையை மூடிப் பக்கத்துப் பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு என்னையும், பெட்டியைத் தூக்கிவந்த அந்தோணியையும் வீட்டுக்கு அழைத்துப் போனார். நூறடி தூரம். செவுளும் குடலும் மட்டும் போயின. தலையோடு மசாலா தடவி மொறுமொறுவென்று வறுத்தார். ஏழு மாதக் கர்ப்பிணியான மகள் ரேவதியும், கடலிலிருந்து வந்திருந்த தனலட்சுமியின் கணவரும் சாப்பிட்டார்கள். அவர்கள் அனுமதியோடு தட்டில் மிஞ்சியதைத் தராசில் வைத்தேன். அதில் ஒரு முள்கூட இல்லை.

அப்போதுதான் தனலட்சுமி அந்த விஷயத்தைச் சொன்னார். மகளைப் பரிசோதித்த இடத்தில் கால்சியம் போதவில்லை, பால் குடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். ரேவதிக்குப் பால் வாசனையே ஆகவில்லை. தினமும் இந்த மீனைத்தான் சாப்பிடுகிறாள் என்று இவர் சொன்னதற்கு, அச்சிட்ட பட்டியலைக் காட்டி, இதில் அவ்வளவாக இல்லையே என்றிருக்கிறார்கள்.

"புள்ளைக்கு நானே கெடுதல் பண்றனோன்னு ஒரு மாசமா தூக்கம் இல்லக்கா," என்றார்.

அந்தப் பட்டியலில் இருந்தது என் எண்ணாகக்கூட இருக்கலாம். அதை அவரிடம் சொன்னேன். முள்ளை எறிந்துவிட்டு அளந்தது எங்கள் தவறு என்றேன். எதிர்பார்த்தது கோபம். அவர் ரேவதி பக்கம் திரும்பி, கேட்டுக்கோ என்பதுபோல் தலையசைத்தார், அவ்வளவுதான். மருத்துவர் கொடுத்த கால்சியம் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்றும் சொல்லிவைத்தேன். கணவர் மட்டும், அனல்மின் நிலையத்திலிருந்து கழிமுகத்தில் கலக்கும் சாம்பல் தண்ணீரைப் பற்றியும் எழுதுவேனா என்று கேட்டார். இது வெளிக்கடலில் பிடித்தது, பிடித்த இடத்தைக் கட்டாயம் எழுதுவேன், உலோகங்களைத் தனியாகச் சோதிக்க வேண்டும், அதற்கும் மாதிரி எடுத்திருக்கிறேன் என்றேன்.

பத்து மணிக்குக் கிளம்பினோம். தென்சென்னையில் ஒரு நண்பரின் ஆய்வுக்கூட உறைபெட்டிக்கு மீன் பன்னிரண்டுக்குள் போய்ச் சேர வேண்டும். திருவொற்றியூர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றன. நாற்பது நிமிடம் அசையவில்லை. பெட்டியைத் திறந்தால் ஐஸ் பாதி தண்ணீர். மீன் கெட்டால் இன்னொரு பயணத்துக்கு அனுமதி வாங்க முடியாது. அந்தோணி ஒரு சந்துக்குள் வண்டியைத் திருப்பி, காசிமேட்டில் தெரிந்த ஐஸ் கடையில் நிறுத்தி, பெட்டி நிறைய உடைத்த ஐஸ் போட்டுவந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "அந்தப் பொண்ணு சோறு துன்றத நானும்தான் பாத்தேன். பத்திரமா போய் சேரட்டும், மேடம்." பதினொன்று ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

ஏப்ரலில் புதிய பதிவை வலையமைப்பு ஏற்றுக்கொண்டது. காரப்பொடி என்ற பெயர், இனம், எண்ணூர்க் கடல், உண்ணும் பகுதி: தலையும் முள்ளும் சேர்த்து. கால்சியம் பழைய எண்ணைவிடப் பல மடங்கு. உலோகச் சோதனை முடிவும் வரம்புக்குள் இருந்தது. தொலைபேசியில் சொன்னபோது தனலட்சுமி சிரித்தார். ரேவதிக்குப் பெண் குழந்தை, இருவரும் நலம். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. தனலட்சுமிக்கும் அந்தோணிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று இன்றும் தெரியவில்லை.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தடைக்காலம், விசைப்படகுகள் போகாது. காலை ஏழுக்குள் கரையில் இருங்கள். சொட்டும் பெட்டியோடு மெட்ரோவை நம்ப வேண்டாம், திரும்ப ஆட்டோ பேசிக்கொள்ளுங்கள், லாரி நெரிசலுக்கென்று ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். சாப்பிடச் சொன்னால், எடை போட்டு முடித்த பிறகு, உட்கார்ந்து சாப்பிடுங்கள். எனக்கு ஆறு மீன் வைத்தார்கள். முதல் தலையைக் கடிக்கக் கொஞ்சம் தயங்கினேன். ஆறாவதை முடித்தபோது தட்டு காலியாக இருந்தது.