மூன்றாவது கிண்ணம்

என் மகள் உமாவின் வீட்டுக் கதவைத் திறந்ததுமே அந்த வாசனை வந்து மோதியது. வெள்ளைப் பீன்ஸ், மேப்பிள் பாகு, துளிக் கடுகு, எல்லாம் சேர்ந்து காலையிலிருந்து ஓவனில் மெல்ல வெந்துகொண்டிருக்கிறது. முந்தின நாள்தான் என் மனைவி கமலாவின் முதல் வருஷத் திதி. திதிச் சமையலில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. அதனால் மறுநாள், "அம்மாவுக்குப் பிடிச்சதுப்பா" என்று செய்திருக்கிறாள். எனக்கு அழுகையும் வரவில்லை, பசியும் வரவில்லை. ஒரு வருஷமாகவே அப்படித்தான், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி.

உமாவின் வீடு கர்க்லாண்டில், பிரெஞ்சு பேசுகிற எங்கள் நகரத்தின் புறநகர். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் வயலும் ஆப்பிள் தோட்டமும்தான் என்றால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

எழுபதுகளின் ஆரம்பம். நகரத்துக்குள்ளே கார்ட்டியர்வில்லில் மூன்றாவது மாடியில் குடியிருந்தோம். நான் எஞ்சினியர். அதாவது ஆபீஸில் பாலத்துக்கு வரைபடம் போட்டுவிட்டு, வீட்டில் டெலிவிஷன் ஆன்டெனாவைத் திருப்பத் தெரியாமல் விழிப்பவன். கமலாவும் மூன்று வயது உமாவும் அந்த வருஷம்தான் ஊரிலிருந்து வந்து சேர்ந்திருந்தார்கள். ஆகஸ்டில் தந்தி வந்தது, கமலாவின் அப்பா போய்விட்டார் என்று. போய்வருவதெல்லாம் அப்போது நினைத்துப் பார்க்கிற காரியமா? கல்யாணமான பெண்ணுக்கு மூன்று நாள்தான் தீட்டு. நாலாம் நாள் தலைக்குக் குளித்தாள். அத்தோடு முடிந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

அதற்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் மோர்சாதம், போதும் என்று எழுந்துவிடுவாள். குழந்தைக்குத் தலை பின்னுவாள், துணி மடிப்பாள், ஜன்னலோரம் போய் நிற்பாள். மணிக்கட்டில் இருந்த வளையல் முழங்கை வரைக்கும் ஏறிற்று. "ஏதாவது பேசேன்டி" என்பேன். "என்ன பேசணும்?" என்பாள், நிஜமாகவே தெரியாத மாதிரி. இவளும் கையைவிட்டுப் போய்விடுவாளோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து பார்ப்பேன்.

ஆபீஸ் நண்பர் ஒருவர்தான், குடும்பத்தோடு ஆப்பிள் பறிக்கப் போய்வா என்றார். அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் பழைய காரில் கிளம்பினோம். அதன் ஹீட்டர் ஒன்று வேகவைக்கும், இல்லையென்றால் வேலையே செய்யாது. தோட்டத்தில் இறங்கினால் புளியோதரைப் பையைக் காணோம். மாடிப்படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன், மேதாவி! கமலா திட்டக்கூட இல்லை. திட்டியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

உமா பறித்ததைவிடக் கடித்துப் போட்டதுதான் அதிகம். கடித்த ஆப்பிளையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பன்றிகளுக்கு எறிந்தாள். தோட்டக்காரரின் மனைவி பிரெஞ்சில் பன்றிக்கு என்ன பெயர் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாள், "கொஷோன்! கொஷோன்!" என்று ஒரே கூப்பாடு.

அந்த அம்மாள்தான் மரமேஜையில் பெரிய மண்பானையை வைத்து, ரொட்டியும் பீன்ஸும் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்த நாலு பிரெஞ்சு வார்த்தையில் இறைச்சி உண்டா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று தலையாட்டினாள். பொய்யில்லை. அவளுக்கு அது இறைச்சியே அல்ல, நமக்குத் தாளிப்பு மாதிரி.

கமலா ஒரு ஸ்பூன் எடுத்தாள். இன்னொன்று. கிண்ணம் காலி. "இன்னும் கொஞ்சம் கிடைக்குமோ?" என்றாள். இரண்டு மாசத்தில் அவள் வாய்திறந்து கேட்ட முதல் விஷயம்! ஓடினேன். அதுவும் காலி. மூன்றாவது தடவை நான் போய் நின்றதும் அந்த அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. கரண்டியை அடிவரைக்கும் விட்டு, தோலோடு ஒரு வெள்ளைக் கொழுப்புத் துண்டை எடுத்து மேலே வைத்தாள். உங்கள் மதாமுக்கு என்றாள். நான் விழிப்பதைப் பார்த்து, சிரித்துக்கொண்டே வேலிப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே உமா "கொஷோன்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு வண்டிக்குப் பின்னால் ஒதுங்கி, துண்டை விரலால் எடுத்து அங்கே சுற்றிக்கொண்டிருந்த ஒரு நாய்க்குப் போட்டேன். கிண்ணத்தோடு நின்றேன். சொன்னால் கமலா அங்கேயே வாந்தியெடுப்பாள், அப்புறம் ஜென்மத்துக்கும் சாப்பிட மாட்டாள். தீர்ந்துபோச்சு என்று சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. முதல் இரண்டு கிண்ணம் தெரியாமல் நடந்தது. மூன்றாவதைத் தெரிந்தேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பாதி சாப்பிட்டு நிமிர்ந்தாள். "ஏன்னா, அப்பா இருந்தா ரசிச்சு சாப்ட்டிருப்பார்" என்றாள். ஏகாதசிக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத மனுஷர் அவர்! சொன்னவள் ஸ்பூனைப் பிடித்தபடியே உடைந்து அழுதாள். முதுகைத் தடவிக்கொடுத்தேன். விரலில் இன்னும் கொழுப்புப் பிசுக்கு. கால்சட்டையில் துடைத்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து சாப்பிட்டாள், பேசினாள், திட்டினாள். இலை சிவக்கிற காலம் வந்தால் வீட்டில் அந்தப் பீன்ஸைச் செய்துபார்ப்பாள். வெல்லம் போட்டாள், பெருங்காயம்கூடப் போட்டாள். "அந்த ருசி வரலையே, என்னதான் போட்டிருப்பா அந்த மாமி?" "எனக்கென்னடி தெரியும்?" வருஷா வருஷம் இதே கேள்வி, இதே பதில். போன வருஷம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டும் கேட்டாள், "அன்னிக்கே அவகிட்ட கேட்டிருக்கலாம், இல்லையா?" கேட்டிருக்கலாம் என்றேன்.

அந்தத் தோட்டம் எந்தத் தெருவுக்கு அடியில் போயிற்று என்று தெரியவில்லை. உமாவின் ஜன்னலில் பார்த்தால் வரிசையாகக் கராஜ் கதவுகள்தான். பானை இல்லை, அந்த அம்மாள் இருக்க வாய்ப்பில்லை. கமலாவிடம் மன்னிப்புக் கேட்கிற தைரியம் இப்போது எனக்கு இருக்கிறது. அவள் இல்லை.

உமா கொடுத்த கிண்ணத்தை முழுக்கச் சாப்பிட்டேன். இனிப்பாக இருந்தது, வேறொன்றும் தோன்றவில்லை. அவளும் ஒரு வாய் போட்டுப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள்.

"ஏதோ மிஸ்ஸிங்ப்பா. அம்மா பண்ணினாலும் இப்படித்தான் சொல்லுவா. அந்த மாமி அதுல என்ன போட்டிருப்பா?"

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றேன்.